சீட்டு மேசைக்குப் போன காபி

என்னைப் போல் கொடைக்கானலில் யாரும் காபி போடுவதில்லை என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்பவைத்தவர் ஒரு போட்டோக்காரர். சீசனில் ஏரிக்கரைக்கு வருகிறவர்களைப் படகுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துப் பிழைத்தவர். மழை பிடித்துக்கொண்டால் அவருக்குச் சோலி கிடையாது. வாரத்தில் நாலு நாளாவது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குடையை மடக்கிக்கொண்டு எங்கள் லாட்ஜுக்கு வந்து, என் வீட்டுக்காரரோடு சீட்டு ஆட உட்கார்ந்துவிடுவார்.

"தங்கச்சி காபின்னா காபிதான்" என்பார். கூடத்தில் இருந்து அது அடுப்படிவரை கேட்கும். நான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சிரித்துக்கொள்வேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. அய்யம்பாளையத்துத் தென்னந்தோப்புக்குள் வளர்ந்து, குளிரே தெரியாமல் மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இங்கே என்னைப் பாராட்ட வேறு ஆள் இல்லை.

லாட்ஜ் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பஜாருக்கு மேலே சரிவில், தகரக் கூரை போட்ட ஆறு அறைகள். முன்னால் ஒரு கூடம். பின்னால் அடுப்படியும், நாங்கள் இருந்த ஒற்றை அறையும், குதிரைகளைக் கட்ட ஒரு கொட்டகையும். என் வீட்டுக்காரர் அதற்கு முன் வெள்ளைக்காரர்கள் வந்துபோன ஒரு கிளப்பில் சீட்டாட்ட அறைக்குப் பொறுப்பாக இருந்தவர். துரைமார் ஆடுவதை எட்டு வருடம் நின்று பார்த்தே போக்கர் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். அவர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிப் போன பிறகு, கிளப்பில் வருமானம் இல்லை என்று வெளியே வந்து இந்த வீட்டைக் குத்தகைக்குப் பிடித்தார். பஜாரில் எல்லோருக்கும் ரம்மி தெரியும், மூணு சீட்டு தெரியும். போக்கர் தெரிந்தவர்கள் குறைவு. அதனாலேயே லாட்ஜுக்கு வருகிறவர்களுக்கு அதைக் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. துரைமார் ஆட்டம் அல்லவா.

ஆட்டம் எளிதுதான். ஆளுக்கு ஐந்து சீட்டு. பிடிக்காததைக் கொடுத்துவிட்டு ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். பிறகு பந்தயம். ஒருவர் ஏற்றினால் அடுத்தவர் அதே அளவு வைக்க வேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்க வேண்டும். பணத்தை மேசைமேல் வைக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் ஒரு சட்டம் வைத்திருந்தார். அதற்குப் பதிலாகக் காய்ந்த பீன்ஸ் விதை. வெள்ளை விதைக்கு ஒரு மதிப்பு, சிவப்பு விதைக்கு அதைவிடக் கூட. விதையை அள்ளிக் கொடுத்துப் பணத்தை வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவிடுவார். விதையைத் தோற்கும்போது யாருக்கும் அவ்வளவாக வலிப்பதில்லை என்று துரைமாரிடம் படித்துக்கொண்டாராம்.

ஆட்டத்துக்கு நடுவில் கூடத்திலிருந்து குரல் வரும். "இந்தா, காபி" என்பார். சில நாள் "கொஞ்சம் வெந்நி கொண்டா" என்பார். சில நாள் "வெரசா காபி" என்பார். நான் எப்போதும் வெரசாகத்தான் கொண்டுபோவேன். மலைமேல் பால் கிடைப்பதே பாடு. ஈர விறகு புகையும். கண் எரிய ஊதி ஊதிக் காபி போட்டுக் கொண்டுபோய் வைத்தால், பாதி நாள் டம்ளர் அப்படியே ஏடு கட்டித் திரும்பி வரும். ஆட்டத்தில் மூழ்கிவிட்டால் ஆண்களுக்குப் பசி தாகம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். வீணாக்க மனசு வராமல் ஆறிப்போனதை அடுப்படியில் நின்றபடி நானே குடிப்பேன். போட்டோக்காரர் சில நாள் நான் டிகாஷன் இறக்குவதற்கு முன்பே "தங்கச்சி காபின்னா காபிதான்" என்று பாராட்டிவிடுவார். அதைக்கூட, பழைய ருசி நாக்கில் இருக்கிறது போல என்றுதான் எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் இருந்தது. பாராட்டு வேண்டியிருந்ததால் நான் பார்க்கவில்லை.

ஒரு தடவை பழனியிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் மனைவியோடு வந்து தங்கினார். மூன்று மத்தியானம் ஆடினார். நாலாம் நாள் அந்த அம்மா துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "இன்னும் நாலு நாள் இருக்கணும்னு வந்தோம், இன்னைக்கே எறங்கணும்ங்கிறாரு" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நேரம் சரியில்லக்கா, சீட்டு விழணும்ல" என்று ஆறுதல் சொன்னேன். முந்தின நாளும் நான் கூடத்துக்கு நாலு தடவை காபி கொண்டுபோயிருந்தேன்.

எனக்கு விஷயம் தெரிந்தது ஒரு காலை வேளையில். லாட்ஜில் யாரும் இல்லை. போட்டோக்காரர் அன்றைக்கு வெள்ளனே வந்துவிட்டார். நான் பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். "இந்தா, காபி" என்று குரல் வந்தது. போட்டுக் கொண்டுபோனேன். இரண்டு பேரும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஐந்து சீட்டு. மூன்றாவதாக ஒரு நாற்காலிக்கு முன்னாலும் ஐந்து சீட்டு விரித்துப் போட்டிருந்தது. நாற்காலி காலி. நான் டம்ளர்களோடு வாசலில் நிற்பதைப் பார்த்ததும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"இப்ப வேணாம்மா. சும்மா சொல்லிப் பாத்தோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"சும்மான்னா?"

போட்டோக்காரர்தான் சொன்னார். ஒளிக்கிற எண்ணமே அவருக்கு இல்லை. ஒரு புதுக் காமிராவை விளக்குவது போல விளக்கினார். "தங்கச்சி, உங்க வீட்டுக்காரரு காபின்னு கேட்டா அவரு கையில நல்ல சீட்டு இருக்குன்னு அர்த்தம். நான் ஏத்துவேன். நடுவுல இருக்கிறவன் வச்சுத்தான ஆகணும். வெந்நின்னா ஒண்ணுமில்ல, நீ பாத்துக்கன்னு அர்த்தம். வெரசான்னா ரொம்பப் பெரிய சீட்டு."

"நீங்க சொல்றது?" என்றேன்.

"எது?"

"காபின்னா காபிதான்னு சொல்லுவீங்களே."

"அதுவா. அவரவிட என் சீட்டு பெரிசுன்னு அர்த்தம். அவரு சும்மா ஏத்திக் குடுத்துட்டுக் கடைசியில கவுத்திருவாரு."

நான் டம்ளர்களை அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தேன். அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். ஊரை ஏமாற்றுகிறார்கள் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் மனசில் இறங்கியது. முதலில் உறைத்தது, இரண்டு வருடமாக என் பெயரைச் சொல்லிச் சொன்ன நல்ல வார்த்தை ஒன்றுகூட எனக்குச் சொன்னதில்லை என்பதுதான். அதை நினைத்து நான் தலைவாரிக்கொண்ட நாட்கள்கூட உண்டு. அதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பை வாயிலிருந்து கழுவித் துப்ப வேண்டும் போல இருந்தது.

மத்தியானம் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "இது தப்பில்லையா?"

"துரைமாரு பண்ணாததா? உள்ளங்கையைத் தேய்ப்பான், சுருட்டைத் தட்டுவான். நான் பாத்ததுதான். தொழில்னா அப்பிடித்தான் கெடக்கு" என்றார். கையலம்பிக்கொண்டே சொன்னார்.

அதற்குப் பிறகு நான் போகாமல் இருந்தேன் என்று சொன்னால் பொய். கூப்பிட்டால் போனேன். ஒரு நாள் மட்டும் வேண்டுமென்றே போட்டோக்காரரின் டம்ளரில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். எதிரில் வனத்துறைக் குமாஸ்தா ஒருவர் உட்கார்ந்திருந்தார். போட்டோக்காரர் சீட்டைப் பார்த்துக்கொண்டே டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. முகம் மாறவில்லை.

"தங்கச்சி காபின்னா காபிதான்" என்றார்.

அந்த மனிதரைப் போல ஒரு ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன்.

ஐப்பசியில் என் அண்ணன் மலையேறி வந்தான். தன் மூத்த மகளுக்குச் சடங்கு வைத்திருக்கிறது, தாய்மாமன் வீட்டோடு நாங்களும் முன்னால் நிற்க வேண்டும் என்று அழைக்க வந்தான். ஒரு சாக்குத் தேங்காயும், அண்ணி சுட்ட முறுக்கும் கொண்டுவந்திருந்தான். மறுநாளே இறங்குவதாகத்தான் இருந்தது. இரவெல்லாம் பெய்த மழையில் வத்தலக்குண்டு போகிற மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. வழி சரியாக நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். அண்ணனுக்குத் தோப்பு இல்லாத இடத்தில் இருப்புக் கொள்ளாது. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தான்.

"மச்சான், ஒக்காருங்க. ஒரு ஆட்டம் சொல்லித் தாரேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் அடுப்படி வாசலில் இருந்து அவரையே பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. விளையாட்டுக்குத்தான் கூப்பிடுகிறார், என் கூடப் பிறந்தவனிடம் அப்படிச் செய்யமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் நாள் அண்ணன் ஜெயித்தான். அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இம்புட்டுத்தானா" என்றான். இரண்டாம் நாள் மத்தியானம் போட்டோக்காரர் வந்தார்.

அன்றைக்கு மூன்று தடவை "காபி" வந்தது, இரண்டு தடவை "வெந்நி" வந்தது. நான் கொண்டுபோனேன். ஒவ்வொரு தடவையும் அண்ணன் முன்னால் விதை குறைந்திருந்தது. அவன் ஏதோ கணக்குப் பாடத்தில் மாட்டிக்கொண்டவனைப் போல நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நாலாவது தடவை எட்டிப் பார்த்தபோது இறங்கிப் போகிற வழியில் சடங்குச் சாமான் வாங்கக் கொண்டுவந்த பணம் பூராவும் பெட்டிக்குள் போயிருந்தது. அவன் கல்யாணத்துக்கு எங்கள் அப்பா வாங்கிப் போட்ட கைக்கடிகாரம் மேசைமேல் விதைகளுக்கு நடுவில் கிடந்தது.

"இந்தா, வெரசா காபி" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் வெறுங்கையோடு போனேன்.

"காபி எங்க?" என்றார்.

"ஒங்க கையில பெரிய சீட்டு இருக்குன்னு அண்ணங்கிட்டயே நேரா சொல்லிருங்களேன். எதுக்குப் பாலை வீணாக்கிக்கிட்டு" என்றேன்.

கூரைமேல் மழை விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தான், பிறகு அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். காபி என்றால் என்ன, வெந்நி என்றால் என்ன, பாராட்டு என்றால் என்ன. அண்ணன் மேசையைப் புரட்டுவான் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் தண்ணீர் முறைக்காக மண்வெட்டியை ஓங்கியவன் அவன்.

அவன் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டான். கொக்கியை நிதானமாக மாட்டினான். பிறகு போட்டோக்காரரைப் பார்த்து, "அப்ப, நடுவுல இருக்கிறவனுக்குச் சுத்தமா சந்தேகம் வராதா?" என்று கேட்டான்.

"வராது. காபி கேக்காத வீடு எங்க இருக்கு?" என்றார் போட்டோக்காரர்.

"மாப்ள, இதை மொதல்லயே சொல்லியிருந்தா நானும் உங்க கூட ஒக்காந்திருப்பேனே" என்றான் அண்ணன். என் வீட்டுக்காரர் அவன் பணத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூன்று பேரும் சிரித்தார்கள். அண்ணன்தான் சத்தமாகச் சிரித்தான்.

நான் கொட்டகைப் பக்கம் போய் மழையில் நின்றேன். சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. தன்னை ஏமாற்றியதில் அவனுக்குக் கோபம் இல்லை. தன்னைச் சேர்த்துக்கொள்ளாததுதான் குறை. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் என்றால் அய்யம்பாளையத்திலிருந்து வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிவரை தோளில் தூக்கிப் போனவன். அந்தத் தோளை நினைத்தும் எனக்குக் குமட்டியது.

மறுநாள் மேல்மலையில் இருக்கிற கவுஞ்சியிலிருந்து ஒரு பெரியவர் மூன்று மட்டக்குதிரைகளில் பூண்டு ஏற்றிக்கொண்டு வந்தார். கீழேயிருந்து வியாபாரிகள் வரமுடியாததால் பூண்டு விற்கவில்லை. எப்போதும் போல எங்கள் கொட்டகையில் குதிரைகளைக் கட்டிவிட்டு, சாக்குகளுக்குப் பக்கத்திலேயே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாதவர். வருகிற போதெல்லாம் எனக்கென்று ஒரு பிடி பூண்டைத் தனியாக முடிந்து கொண்டுவருவார்.

அவரை மேசைக்குக் கூட்டிவந்தது என் அண்ணன். "சும்மா குளிர்ல எதுக்கு ஒக்காந்திருக்கீங்க? உள்ள வாங்க, நானே நேத்துத்தான் கத்துக்கிட்டேன்" என்றான். உண்மைதான். நேற்றுத்தான் கற்றுக்கொண்டான்.

மூன்று பேர் ஒரு பக்கம். அவர் ஒருவர் ஒரு பக்கம். "இந்தா, காபி" என்று என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். நான் உளுந்து களைந்துகொண்டே இருந்தேன். பிறகு அண்ணன் குரல் வந்தது.

"ஏத்தா, அண்ணனுக்கு வெரசா ஒரு காபி கொண்டா."

அப்பா செத்த பிறகு என்னை அப்படிக் கூப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான். ஈரக் கையோடு எழுந்து கூடத்துக்குப் போனேன். பெரியவர் கம்பளிக்குள் கையை வைத்துக்கொண்டு சீட்டை முகத்துக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எந்திரிச்சுப் போங்க" என்றேன். "இவங்க மூணு பேரும் ஒரே கையா ஆடுறாங்க. என்னையக் காபி கேக்குறது சைகை. இவரு எங்கூடப் பெறந்த அண்ணன், அவரும் சேந்துதான்."

"உள்ள போ" என்றார் என் வீட்டுக்காரர் மெதுவாக.

பெரியவர் சீட்டுகளை மேசைமேல் முகம் தெரிய வைத்தார். இரண்டு ராணி இருந்தது நினைவிருக்கிறது. மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை என்னை மட்டும் தனியாகப் பிரித்து வைக்கவில்லை.

"போன தையில எந் தம்பி இங்க ஆடுனான்" என்றார். "அன்னைக்கும் நீதானம்மா காபி கொண்டாந்த?"

எனக்கு நினைவில்லை. ஆனால் நான்தான் கொண்டுபோயிருப்பேன். வேறு யார் இருக்கிறார்கள். "ஆமாங்கய்யா" என்றேன்.

அவர் எழுந்தார். என் வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து, "உங்க பணத்தை வாங்கிட்டுப் போங்க, சும்மா விளையாட்டுக்குத்தான்" என்றார்.

"வேணாம்" என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை. கெட்டுப்போன சோற்றை நீட்டினால் வேண்டாம் என்போமே, அப்படிச் சொன்னார். கொட்டகைக்குப் போய்க் குதிரைகளை அவிழ்த்தார். மழை விடவில்லை. பூண்டுச் சாக்குகளின்மேல் கம்பளியை விரித்துக் கட்டிவிட்டுத் தான் நனைந்துகொண்டே நடந்தார்.

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தான். "கட்டுனவனை வெளி ஆளு முன்னாடி அவமானப்படுத்திட்டாளே. அப்பா இருந்தா இந்நேரம் காலை ஒடிச்சிருப்பாரு" என்றான். போட்டோக்காரர் சீட்டுகளைச் சேர்த்துக் கட்டாக அடுக்கினார். ஓரம் தட்டித் தட்டி அடுக்கினார். "மழை நின்னதும் கெளம்பறேன்" என்றார்.

வழி சரியானதும் அண்ணன் இறங்கிப் போனான். சடங்குக்கு நான் போனேன். மஞ்சள் தண்ணீர் ஊற்றும்போது நின்றேன், பிள்ளைக்குச் சேலை கொடுத்தேன், பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டேன். அண்ணன் அதற்குப் பிறகு வத்தலக்குண்டில் ஒரு மனமகிழ் மன்றத்தில் உறுப்பினரானான் என்றும், ஆட்டத்தில் நல்ல கை என்று பெயரெடுத்தான் என்றும் கேள்விப்பட்டேன். கிணற்றுக்கு மோட்டார் போட்டான். ஊர்த் திருவிழாக் கமிட்டியில் முதல் ஆளாக நிற்கிறான். அவனை யாரும் பிடித்ததில்லை. பிடித்து உதைத்தார்கள் என்று ஒரு நாள் சேதி வரும் என்று நான் பல வருடம் காத்திருந்ததும் உண்மை.

எங்கள் லாட்ஜுக்குக் கவுஞ்சிக்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். பிறகு பக்கத்து ஊரான பூம்பாறை ஆட்களும் வரவில்லை. கொட்டகை காலியாகக் கிடந்தது. என் வீட்டுக்காரர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. பிறகு பேசினார். நானும் சோறு போட்டேன், துணி துவைத்தேன். அவர் கூடத்தில் ஆடுவதை விட்டுவிட்டு வெளியே எங்கோ போய் ஆடினார். எங்கே என்று நான் கேட்டதில்லை. அவர் கையைப் பிடிக்க வரும்போதெல்லாம் என் தோல் சுருங்கியது. அது அவருக்கும் தெரியும்.

அடுத்த பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். சாக்கை விரித்துப் பூண்டு வைத்திருந்தார். நான் போய் எதிரில் குனிந்து உட்கார்ந்து, "ஒரு வீசை குடுங்கய்யா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இரண்டு சாக்குகள் வாய் தைத்தபடி இருந்தன.

"வித்துப்போச்சும்மா" என்றார்.

நான் சரி என்று எழுந்து, பக்கத்து ஆளிடம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.